கைப்பிள்ளைக்கு விட்ட இடம்

அந்த அம்மாள் எழுந்த நொடியிலேயே சொல்லியிருக்க வேண்டும். குழந்தை இல்லைங்க, கல்லு. அவ்வளவுதான். மூச்சு விடுகிற நேரத்தில் முடிந்திருக்கும், பக்கத்தில் நாலு பேர் சிரித்திருப்பார்கள், தானும் சிரித்துவிட்டு விருத்தாசலம் வரை கம்பியில் சாய்ந்தபடி நின்றே போயிருக்கலாம். மனோரஞ்சிதம் சொல்லவில்லை. படிக்கட்டிலேயே கால் வைக்க முடியாத கூட்டம், கல்லைத் தாங்கியிருந்த இடது கை தோளிலிருந்து விரல் வரை மரத்துப் போயிருந்தது. கண்டக்டர் பின்னாலிருந்து, "கைப்புள்ளக்காரம்மா ஏறுது பாருங்க, யாராச்சும் எடம் விடுங்க" என்று குரல் கொடுத்தபோது அது தன்னைத்தான் என்று அவளுக்குப் புரியக்கூட இல்லை, வேறு யாரோ குழந்தையோடு ஏறுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். அதற்குள் மூன்றாவது சீட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள், ஐம்பத்தைந்து வயதிருக்கும், வலது பாதத்தில் கணுக்கால் வரை வெள்ளைக் கட்டு, கட்டின் ஓரம் செம்மண் ஏறிப் பழுப்பாகியிருந்தது, "இப்படி வாம்மா, புள்ளய வச்சுக்கிட்டு நிக்காத" என்று முழங்கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். உட்கார்ந்ததும் கைக்கு உயிர் வந்தது. அந்த சுகம்தான் வாயை அடைத்தது. ஒரு நிமிஷம் கழித்துச் சொல்லலாம், மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லலாம் என்று நினைத்தாள், ஒரு நிமிஷம் கழிந்தபோது சொல்வதற்கு இரண்டு விஷயங்கள் ஆகிவிட்டன, இது கல் என்பது ஒன்று, இது கல் என்று தெரிந்தே இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பது இன்னொன்று, முதலாவதைச் சொல்லிவிடலாம், இரண்டாவதை எப்படிச் சொல்வது.

துண்டுதான் எல்லாவற்றுக்கும் காரணம். காலையில் விருத்தாசலம் கடைத்தெருவில், தண்ணீர் ஊறிக் கனமாக நிற்கிற மாதிரி கெட்டியான பருத்தித் துண்டு வேண்டும் என்று கேட்டபோது கடைக்காரர் எடுத்துப் போட்டது இந்த ரோஸ் நிறத் துண்டு, மஞ்சள் வாத்துகள் வரிசையாகப் போகிற துண்டு. "குழந்தைக்குங்களா" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டாள். களிமண் குழியில் இலை பதிந்த கல் கிடைத்திருக்கிறது, அது வெயிலில் சட்டென்று காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துவிடும், ஈரத்துணியில் சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்றெல்லாம் கடை வாசலில் நின்று யார் சொல்லிக்கொண்டிருப்பது. அப்போது அது பொய்யாகவே தோன்றவில்லை, சில்லறை வாங்குவதுபோல நடந்து முடிந்துவிட்டது. இப்போது அந்தச் சின்ன ஆமாம் துண்டோடு துண்டாக வந்து மடியில் உட்கார்ந்திருக்கிறது. கல்லூரி ஜீப் வழியில் படுத்துவிடாமல் இருந்திருந்தால் பின்சீட்டில் வைக்கோல் போட்டு அதன் மேல் வைத்துக் கொண்டுபோயிருப்பாள். திங்கட்கிழமை அந்தக் குழியில் இயந்திரம் இறங்குகிறது, பீங்கான் சூளைக்கு வெள்ளைக் களிமண் வெட்டுகிறார்கள், அதற்குப் பிறகு அந்த இலை ஒரு குழாயாகவோ ஜாடியாகவோ ஆகிவிடும், காத்திருக்க முடியாது. காத்திருக்க முடியாது என்பது உண்மைதான், ஆனால் அந்த அம்மாளின் கால் கட்டு கண்ணுக்கு நேரே இருக்கிறது. பஸ் ஒவ்வொரு தடவை குலுங்கும்போதும் அவள் கட்டுப்போட்ட காலைத் தரையில் படாமல் தூக்கிக்கொள்கிறாள், கொக்குபோல ஒற்றைக் காலில் நிற்கிறாள், பிறகு மெதுவாக இறக்குகிறாள்.

"பொண்ணா பையனா?" என்று கேட்டாள் அந்த அம்மாள். இதோ இப்போது சொல்ல வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் பிள்ளை காதிலிருந்து பாட்டுக் கருவியைக் கழற்றிவிட்டு மடியைப் பார்த்தது. "பொண்ணு" என்றாள் மனோரஞ்சிதம். "பேரு வச்சாச்சா?" "ஆதிரை." வாயிலிருந்து வந்த பிறகுதான் காதில் விழுந்தது. உலகத்தில் எத்தனையோ பெயர் இருக்க, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு வீட்டில் படித்துக்கொண்டிருக்கிற தன் மகளின் பெயரை எடுத்து ஒரு கல்லுக்கு வைத்தாயிற்று. "எத்தனை மாசம்?" "நாலு." நாலு ஏன் வந்தது என்று மனம் உடனே தோண்டப் போனது, தோண்ட வேண்டாம், தெரியும், ஆதிரைக்கு நாலு மாதம் ஆனபோதுதான் அவளை சேலத்தில் நாத்தனாரிடம் விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு மலைப்பக்கம் போனாள், "நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க அண்ணி, நான் இருக்கேன்ல" என்று சொன்ன சகுந்தலாவின் தோளில் குழந்தை எச்சில் வடித்துக்கொண்டு தூங்கியது. திரும்பி வந்தபோது இவளிடம் வர மறுத்து அந்தத் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டது. எல்லோரும் சமாதானம் சொன்னார்கள், ரெண்டு நாள்ல பழகிடும் என்றார்கள், அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அழுகைக்கு அடியில், சரி, அப்படியானால் மறுபடி போய் இன்னும் இரண்டு வாரம் இருந்து வேலையை முடித்துவிட்டே வரலாம் என்று மெல்லிசாக ஒரு ஆறுதல் ஓடியதே, அதை யாரும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதால் அது இல்லாமல் போகவில்லை. இந்தக் கல்லைக் குழியிலிருந்து எடுத்து வரப்பு வழியாக நடந்து வந்தபோது வெயில் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டாளே, அப்படி ஒரு தடவையாவது ஆதிரையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாளா என்று யோசித்தாள். நடந்திருப்பாள், நிச்சயம் நடந்திருப்பாள், ஞாபகம்தான் வரவில்லை.

கை தட்டிக்கொண்டிருந்தது. அதை இப்போதுதான் பார்த்தாள், வலது கை துண்டின் மேல் மெதுவாக, பஸ்ஸின் ஆட்டத்துக்குத் தக்கபடி, தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. நிறுத்தினாள். நிறுத்தினால் குழந்தை விழித்துவிடும் என்பதுபோல அந்த அம்மாள் பார்த்தாள். மறுபடி தட்டினாள். இவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, வாத்துப் போட்ட துண்டு, அதை நெஞ்சோடு சேர்த்த கை, அடியில் தாங்கிய உள்ளங்கை, முந்தானை நிழல், இத்தனையும் ஒன்றாக இருந்தால் யாரும் குழந்தை என்றுதான் படிப்பார்கள். அவள் வேலையும் அதேதான். இந்த இலையின் ஓரத்தில் பல் இல்லை, வழவழவென்று ஓடுகிறது, குளிர் தேசத்து மரங்களின் இலைதான் பெரும்பாலும் ரம்பம்போல ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், ஆகவே இது வெப்ப நாட்டு மரம். இலை உள்ளங்கையை விட அகலம், ஆகவே தண்ணீருக்குப் பஞ்சமில்லை. நுனி ஒரு வாலாக நீண்டு தொங்குகிறது, இலைமேல் விழுகிற மழை நிற்காமல் வழிந்து சொட்டுவதற்கு, ஆகவே ஓயாத மழை. ஆகவே, ஆகவே, ஆகவே. இப்படித்தான் முந்திரியும் செம்மண்ணும் கானலுமாகக் கிடக்கிற இந்த நிலத்தின் மேல், ஜன்னலுக்கு வெளியே இப்போது ஆடு மேய்கிற இதே இடத்தில், கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்பிருந்த இருண்ட காட்டை அவள் நட்டு வைத்திருக்கிறாள், அடிமரம் தெரியாமல் பாசி ஏறிய மரங்கள், பகலிலும் விளக்கேற்ற வேண்டிய நிழல், எங்கே பார்த்தாலும் சொட்டுகிற சத்தம். வகுப்பில் அதைச் சொல்லும்போது பிள்ளைகள் கன்னத்தில் கை வைத்துக் கேட்பார்கள். போன மாதம் தணிகைவேல் சார் மட்டும் கேட்கவில்லை. துறையில் மூத்தவர், குரல் உயர்த்தாமல் பேசுகிறவர். "ஆத்தங்கரை மரம் எப்பவும் ஈரத்துலதாம்மா நிக்கும். சேத்துல விழுந்து பதியறதும் கரையோர இலைதான். கரையைத் தாண்டி ஒரு கூப்பிடு தூரத்துல பொட்டல் இருந்திருக்கலாம், அந்த இலை நமக்குக் கிடைக்காது. கையில கிடைச்சத வச்சு ஊரையே காடாக்கிடாதீங்க" என்றார். அன்று அவளுக்குக் கோபம் வந்தது. இப்போது, ஒரு துண்டை வைத்துக் குழந்தையைக் கண்டுவிட்ட ஒரு பஸ் நிறைய ஆட்களின் நடுவே, அதே பேச்சு மறுபடி காதில் விழுந்தது. பார்த்ததெல்லாம் சரியாக இருந்தும் இவர்கள் கண்டது தப்பு. அவளுடைய காடும் அப்படி ஒரு துண்டுக்குள் சுற்றியதாக இருந்தால்.

"தாமசமா பொறந்ததா?" அந்த அம்மாள் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், நாசூக்காகத்தான் கேட்டாள். மனோரஞ்சிதத்தின் காதோர நரையை அவள் பார்த்திருக்க வேண்டும். "ஆமாங்க" என்றாள், சொல்லும்போதே இதோடு பேச்சு நின்றுவிடும் என்று ஒரு நப்பாசை. நிற்கவில்லை. "எம் பேரு தையல்நாயகி. எம் மவளுக்கும் இன்னும் இல்லம்மா. சிவகாமின்னு, திருப்பூர்ல இருக்குது. கட்டிக் குடுத்து எத்தினியோ வருஷமாச்சு. போகாத கோயில் இல்ல, பாக்காத டாக்டர் இல்ல. போன வாரம் போன்ல, இனிமே எனக்கு எதுக்கும்மா மருந்து, விட்டுடறேன்னு ஒரே அழுவ. உனக்கு என்ன வயசு ஆவுது?" முப்பத்தொன்பது என்று சொன்னபோது தையல்நாயகியின் முகம் மலர்ந்ததை மனோரஞ்சிதம் பார்த்தாள். "அவளுக்கு முப்பத்திரண்டுதான். உனக்கே இந்த வயசுல குடுத்திருக்கான்னா அவளுக்குக் குடுக்க மாட்டானா." சொல்லிவிட்டு இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து போனை எடுத்தாள். எண்ணைத் தேடி அமுக்கிய விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து மழமழவென்று இருந்தன, முந்திரிக்கொட்டை உடைக்கிற கை, அந்த எண்ணெய் பட்டால் அப்படித்தான் வெந்துபோகும். இப்போதாவது. கையைப் பிடித்து நிறுத்தினால் போதும், அம்மா வேண்டாம் என்றால் போதும். "ஏய் சிவகாமி, சாப்புட்டியா. நான் பஸ்ல போறேன், காலுக்குக் கட்டு மாத்த. இங்க ஒரு அம்மா பக்கத்துல உக்காந்திருக்காங்க, படிச்சவங்க, உன்னைவிட ஏழு வயசு மூப்பு, இப்பதான் பொண்ணு பொறந்து நாலு மாசம் ஆவுது. ஆமாண்டி. எங் கண்ணால பாக்கறேன். தங்கமாட்டம் தூங்குது. ஆதிரைன்னு பேரு. நீ மருந்த நிறுத்தாத, என்ன, நிறுத்தாத." பஸ் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பேசினாள், அந்தப் பக்கத்துக் குரல் என்ன சொன்னதோ, தையல்நாயகி சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டே சிரித்தாள். பொய் பஸ்ஸை விட்டு இறங்கித் திருப்பூர் வரைக்கும் போய்விட்டது. ஏதோ ஒரு பனியன் கம்பெனிக்குப் பக்கத்தில், ஓட்டு வீட்டிலோ லைன் வீட்டிலோ, அவள் பார்த்தே இராத ஒருத்தி போனை வைத்துவிட்டு மாத்திரை டப்பாவை எடுக்கிறாள். எழுந்து ஓடிப்போய் அவள் கையிலிருந்து பிடுங்க முடியாது. பிடுங்க வேண்டுமா என்பதும் தெரியவில்லை. அந்த இடத்திலேயே சிக்கி நின்றது மனம், முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல். துண்டின் ஈரம் சேலையைத் தாண்டித் தொடையில் சில்லென்று உறைத்தது, கல் கனத்தது, கைமட்டும் தட்டிக்கொண்டே இருந்தது. "மொகத்தத்தான் கொஞ்சம் காட்டேன்" என்றாள் தையல்நாயகி. "தூங்குதுங்க, எழுந்தா அழும்." சரி சரி என்று உடனே கையை இழுத்துக்கொண்டாள். வெந்த விரலால் குழந்தையைத் தொட்டுவிடுவோமோ என்று அவளாகவே நினைத்துக்கொண்டு கையைத் தலைப்பில் துடைத்தாள். அந்தத் துடைப்பைப் பார்க்காமல் இருக்க மனோரஞ்சிதம் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே வெயில், முந்திரி, வெயில்.

இறங்கிவிடலாம், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை, இவர்கள் மனதில் ஆதிரை நாலு மாதக் குழந்தையாகவே இருந்துவிடுவாள் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் வளைவில் ஆடுகள் குறுக்கே வந்தன. டிரைவர் பிரேக்கைப் போட்ட வேகத்தில் நின்றிருந்தவர்கள் எல்லாம் முன்னால் சரிந்தார்கள், தையல்நாயகி கட்டுப்போட்ட காலை ஊன்றிவிட்டு வலியில் முனகினாள், மனோரஞ்சிதத்தின் கை விலகியது, துண்டுப் பொதி முன்சீட்டின் இரும்புக் கம்பியில் போய் டொக்கென்று மோதியது. அந்தச் சத்தம் பஸ் முழுக்கக் கேட்டது. "ஐயோ புள்ள மண்டை" என்றாள் தையல்நாயகி. தன் காலை மறந்து, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, பொதியின் மேல் கை வைத்தாள், கை ஈரமாயிற்று. ஈரத்தைப் பார்த்து வெளிறிப் போனாள். "ரத்தமா பாரு, அழலையே, புள்ள அழலையே." பின்னாலிருந்து யாரோ தண்ணீர் தண்ணீர் என்றார்கள், கண்டக்டர் விசிலை ஊதிக்கொண்டே ஆட்களை விலக்கி வந்தார், "வண்டிய ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணே, எங்கயும் நிறுத்தாதீங்க" என்று டிரைவரைப் பார்த்துச் சொன்னார், நின்றிருந்தவர்களில் ஒருத்தர்கூட எதிர்த்துப் பேசவில்லை. அவர்கள் எல்லோருக்கும் எங்கேயோ போக வேண்டியிருந்தது. "வேணாங்க" என்றாள் மனோரஞ்சிதம். இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை, மறுபடி சொன்னாள். பிறகு துண்டைப் பிரித்தாள். மேல் சுற்று, உள் சுற்று, இலையோடு ஒட்டியிருந்த ஈரத்துணி. வெள்ளைக் களிக்கல் குறுக்கே இரண்டாகப் பிளந்திருந்தது, இரண்டு பாதியிலும் தவிட்டு நிறத்தில் இலை, நடுநரம்பும் அதிலிருந்து பிரிந்த கிளை நரம்புகளும் பேனாவால் இழுத்ததுபோல. அவள் குனிந்து முதலில் பார்த்தது நுனியைத்தான். அந்த வால் முறியாமல் முழுசாக இருந்தது. அப்பாடா என்று நெஞ்சுக்குள் ஏதோ தளர்ந்தது, முகமும் தளர்ந்திருக்க வேண்டும், நிமிர்ந்தபோது தையல்நாயகி அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லை இல்லை.

"என்னம்மா இது?" என்றார் கண்டக்டர். "கல்லுங்க. பழைய காலத்து இலை, கல்லுல பதிஞ்சது. நான் காலேஜ்ல அதைப் பத்திப் பாடம் எடுக்கறேன். காயக் கூடாதுன்னு சுத்தி எடுத்துட்டுப் போறேன்." ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, ஒன்றுக்கும் அர்த்தமில்லை. பின்சீட்டில் ஒருத்தன் சிரித்தான், சிரிப்பு நாலைந்து பேரிடம் தொற்றி, தையல்நாயகியின் அருகே வந்ததும் அணைந்துபோயிற்று. கண்டக்டர் கட்டுப்போட்ட காலை ஒரு தடவை பார்த்துவிட்டு விசிலை ஊதினார். பஸ் கிளம்பியது. மனோரஞ்சிதம் எழுந்து நின்றாள், "நீங்க உக்காருங்கம்மா" என்றாள், மன்னிச்சிடுங்க என்று சொல்லத்தான் வாய் திறந்தது, இதுதான் வந்தது. தையல்நாயகி வேறு பக்கம் பார்த்தபடி, "இருக்கட்டும்" என்றாள். இருவரும் நின்றார்கள். நடுவில் அந்த இடம் காலியாகக் கிடந்தது, அவ்வளவு கூட்டத்திலும் யாரும் அதில் உட்காரவில்லை, ஜன்னலோரப் பெண் பிள்ளை இன்னும் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டது. சீட்டின் ரெக்சினில் பொதியின் தண்ணீர் வட்டமாகப் படிந்திருந்தது. திட்டினால் நன்றாக இருக்கும். கன்னத்தில் ஒன்று அறைந்தால் இன்னும் நன்றாக இருக்கும், முந்திரி எண்ணெயில் வெந்த அந்தக் கையால். ஏன் இப்படிச் செய்தேன் என்று ஒரு காரணம் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு பேசலாம், தேடித் தேடிப் பார்த்தாள், கை வலித்தது என்பதைத் தவிர வேறு எதுவுமே கிடைக்கவில்லை.

"அப்ப ஆதிரைங்கறது?" என்றாள் தையல்நாயகி, அடுத்த ஊர் வந்து போன பிறகு. "எம் பொண்ணுதாங்க. பெரிய பொண்ணு. பத்தாவது படிக்கறா." "நல்லா இருக்குதா?" "நல்லா இருக்கா." "நீ வளத்ததா?" என்ன நினைத்து அதைக் கேட்டாளோ. மனோரஞ்சிதத்துக்கு ஆமாம் என்ற வார்த்தை வாயின் ஓரத்திலேயே தயாராக இருந்தது, காலையிலிருந்து எத்தனை ஆமாம். "இல்லீங்க. சின்னதுல எங்க நாத்தனார்தான் வளத்தாங்க. நான் வேலைக்குப் போயிட்டேன்." தையல்நாயகி ம் என்றாள், அவ்வளவுதான். அதில் கோபமும் இல்லை, பரிவும் இல்லை, அவளுக்குக் கால் வலித்தது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது அவளால் அதற்கு மேல் முடியவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அந்த ஈர வட்டத்தின் மேலேயே உட்கார்ந்தாள், கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டாள், நீண்ட மூச்சு ஒன்று விட்டாள். பிறகு கையை நீட்டினாள். "குடு இப்படி." மனோரஞ்சிதத்துக்கு விளங்கவில்லை. "கல்லக் குடு. நின்னுக்கிட்டு எப்படிப் புடிப்ப, இன்னும் ஒடைஞ்சிடப் போவுது." இரண்டு பாதியையும் வாங்கி, துண்டை விரித்து, மடியில் தட்டையாக வைத்து, இரண்டு பக்கமும் கையால் அணைத்துக்கொண்டாள், பஸ்ஸில் யாருடைய பையையும் யாரும் வாங்கி வைத்துக்கொள்வதுபோல. இலையை ஒரு தடவை பார்த்தாள். அது எந்தக் காலம், எந்த மழை, எந்தக் காடு என்றெல்லாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மனோரஞ்சிதம் சொல்லியிருப்பாள், ஆற்றங்கரை மட்டும்தான் எனக்குத் தெரியும், அதற்கு அப்பால் தெரியாது என்று சொல்லியிருப்பாள்.

ஊர் நெருங்க நெருங்கக் கூட்டம் கதவுப் பக்கம் நகர்ந்தது. தையல்நாயகியின் இடுப்பில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள், வெளிச்சத்துக்குத் திருப்பி மறுபடி பார்த்தாள், எடுக்கவில்லை, அடித்து ஓயும்வரை கையிலேயே வைத்திருந்தாள். "சிவகாமிதான்" என்றாள். மனோரஞ்சிதம் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நானே பேசி உண்மையைச் சொல்லிடட்டுங்களா" என்றாள். தையல்நாயகி தலையை ஆட்டினாள். "வேணாம். ஒரு நாளாவது சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும்." போனைச் சுருக்கில் செருகிக்கொண்டாள். "நான் ஒண்ணும் சொல்லிக்கப் போறதில்ல. கேட்டா, ஆதிரை நல்லா இருக்குதுன்னு சொல்லிடறேன். அது பொய்யில்லல்ல?"

"இல்லீங்க" என்றாள் மனோரஞ்சிதம்.